மாலை கழற்றிய மறுநாள்



ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியைச் சுற்றியுள்ள சாலைகளெல்லாம் மஞ்சளாக மாறிவிடும். கே.ஜி.கண்டிகையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நகரி, புத்தூர் பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு ஒரு கூட்டம், சோளிங்கர், அரக்கோணம் பக்கமிருந்து ஒரு கூட்டம், தோளில் பூக்காவடி, காலில் செருப்பு இல்லை. மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள்.

அது முடிந்த சில நாட்களில் நம்மவர்கள் புறப்படுவார்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புத் திருநாள். காவி உடுத்தி, கழுத்தில் மாலை போட்டு, வாரக்கணக்கில் நடந்தே போகிறவர்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. மாலை போட்ட நாளிலிருந்து குடி கிடையாது, கறி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. சிலர் வீட்டில் குரலை உயர்த்திப் பேசுவதுகூடக் கிடையாது.

இந்த நாட்களைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "சாமி, மாலை போட்டிருக்கிற வரைக்கும் தங்கமான மனுசன்" என்பார்கள். அந்த "வரைக்கும்" என்ற சொல்லைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். ஏனென்றால் மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தவக்காலத்திலும் இதே கதைதான். விபூதிப் புதனன்று தொடங்கிய விரதம் பாஸ்கா இரவுத் திருப்பலி வரை நிற்கும். உயிர்ப்பு ஞாயிறு மதியம் டாஸ்மாக் கடை வாசலில் நம் பங்கு ஆட்களை எண்ணிவிடலாம். நாற்பது நாள் பட்டினி கிடந்தது மறுநாள் கொண்டாடத்தானா என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்களிடம் பதில் இருக்காது.

"மனவுறுதி இல்லாதவன்" என்று சொல்லி நாம் இதை முடித்துவிடுகிறோம். அது சரியான பதிலாக எனக்குப் படவில்லை. நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருந்தவனுக்கு உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? மாலை எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான், அது போனபோது கூடவே எது போயிற்று என்று தெரியும்.

மாலை போட்டவரைத் தெருவே பார்க்கிறது. கூட்டாளி அவரைக் குடிக்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கூப்பிட்டவனைத்தான் நாலு பேர் திட்டுவார்கள். வீட்டில் சமையல் மாறுகிறது. படுக்கிற பாய் மாறுகிறது. மாலையில் அவர் கால்கள் வேறு திசையில், கோயிலுக்கோ செபக்கூட்டத்துக்கோ போகின்றன. விதிகளும் கொஞ்சம்தான், எல்லாம் தெளிவானவை. "முடிந்தவரை குறைத்துக்கொள்" என்று எந்த மாலையும் சொல்வதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த நாற்பத்தெட்டு நாளில் அவர், "இன்று குடிக்கலாமா, வேண்டாமா?" என்று ஒரு முறைகூடத் தனக்குள் வாதாடவில்லை. மாலை கழுத்தில் விழுந்த அன்றே அந்த வழக்கு முடிந்துவிட்டது.

மாலையைக் கழற்றியதும் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. பார்க்கிற கண் இல்லை, மாறிய பாதை இல்லை, தெளிவான விதி இல்லை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. நாள் முழுக்கக் கம்பெனியில் நின்று, கம்பெனிப் பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்து இறங்குகிற மனிதன் அந்த நேரத்தில் வாதாடி ஜெயிப்பது கடினம். நல்லதைச் செய்ய விரும்புகிறேன், ஆனால் விரும்பாததைத்தான் செய்கிறேன் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புலம்புகிறவர் திருத்தூதர் பவுல். நம்மைவிட உறுதியான மனிதர். அவருக்கே அப்படி.

இது குடிக்கு மட்டும் பொருந்துவது என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு "ஒரே ஒரு வீடியோ" என்று செல்போனை எடுத்து ஒரு மணிக்கு வைக்கிறவர்கள், பிள்ளை மேல் கை ஓங்கிவிட்டு அழுகிறவர்கள், சம்பளம் வந்த மூன்றாம் நாளே கடன் கேட்கிறவர்கள், சர்க்கரை வியாதியோடு பலகாரக் கடையைத் தாண்ட முடியாதவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். கலாத்தியருக்கு எழுதும்போது தூய ஆவியின் கனிகளில் ஒன்றாகத் தன்னடக்கத்தைப் பவுல் சொல்கிறார். கனி என்றால் பழுக்க நாள் பிடிக்கும்.

எத்தனை நாள்? இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சிறிய பழக்கம் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் ஓட்டம், இப்படி. யோசிக்காமலே அதைச் செய்கிற நிலை வர எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள் வந்தது. 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் பிடிக்கும் என்று கணக்கு வந்தவரும் உண்டு. அறுபத்தாறு நாள், அதுவும் ஒரு பழம் சாப்பிடுகிற மாதிரிச் சின்னப் பழக்கத்துக்கு! வருடக்கணக்காக ஊறிய பழக்கத்தை நாற்பதிலும் நாற்பத்தெட்டிலும் தீர்த்துவிடலாம் என்று எண்ணியதுதான் நம் கணக்கில் உள்ள பிழை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் ஏதும் வரவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்குப் பழக்கம் வளர்ந்துகொண்டேதான் போயிற்று. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்படி ஒரு நாளை அடுத்த நாளோடு சேர்க்கிற வழியைத் திருச்சபையில் மிக நுணுக்கமாகக் கற்றுக்கொடுத்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். அவர் பிறவியிலேயே கட்டுப்பாடு உள்ள மனிதர் என்று நினைக்காதீர்கள். போர்வீரர், பகட்டு உடை, வீண்பெருமை. 1521-இல் பாம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. மனம் மாறியபின் மன்ரேசா என்ற ஊரில் தங்கினார். அங்கே மறுகோடிக்குப் போனார். முடி வெட்டுவதில்லை, நகம் வெட்டுவதில்லை, ஒரு முறை ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை எதுவும் சாப்பிடவில்லை. ஒப்புரவு கேட்ட குரு "போய்ச் சாப்பிடு" என்று கட்டளையிட்ட பிறகுதான் நோன்பை முடித்தார். அந்தக் காலத்தில் கெட்ட உடம்பு அவரைக் கடைசிவரை தொந்தரவு செய்தது. பின்னாளில் மற்றவர்களுக்கு வழிகாட்டும்போது, உடலை நொறுக்குகிற தவத்தை அவர் ஊக்குவிக்கவில்லை. பெரிய தவங்கள் மாலை போடுவது மாதிரிதான். ஒருநாள் கழற்ற வேண்டி வரும்.

அவர் கண்ட வழி சின்னது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் அது இருக்கிறது. ஒரு குறையை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு கூடாது. காலையில் எழுந்தவுடன், இன்று இதில் கவனமாக இருப்பேன் என்று முடிவு செய்வது. மதிய உணவுக்குப் பிறகு, காலையிலிருந்து எத்தனை முறை விழுந்தேன் என்று மணி மணியாக நினைத்துப் பார்ப்பது. இரவு உணவுக்குப் பிறகு மறுபடியும் அதே போல. ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மதியம் வரைக்கும் ஒன்று, இரவு வரைக்கும் ஒன்று. விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி. பிறகு முதல் கோட்டை இரண்டாவதோடு ஒப்பிடுவது, நேற்றை இன்றோடு ஒப்பிடுவது, போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிடுவது. அவ்வளவுதான்.

மளிகைக் கடைக் கணக்கு மாதிரி இருக்கிறதே, இதில் ஆன்மீகம் எங்கே என்று கேட்பீர்கள். அதே பகுதியில் ஒரு சின்ன அறிவுரை வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. விழுந்த அந்த நொடியிலேயே கையை மார்பில் வைத்து மனம் வருந்து, பலர் நடுவில் இருந்தாலும் இதைச் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்கிறார். எரிந்து விழுந்த வாய் இன்னும் மூடவில்லை, கை மார்புக்குப் போகிறது. பார்க்கிறவர்கள் சட்டைப் பையில் எதையோ தேடுகிறான் என்று நினைப்பார்கள். கடவுளுக்கு மட்டும் தெரியும். அந்த நொடியிலேயே எழுந்துவிட்டோம்.

புள்ளி போடுவதில் உள்ள கருணையும் இதுதான். நம்மிடம் ஒரு கெட்ட கணக்குமுறை இருக்கிறது. ஒரு முறை விழுந்தால் "போச்சு, எல்லாம் போச்சு" என்று அன்று முழுவதையும், அந்த வாரம் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிடுகிறோம். ஒரு கிளாஸ் குடித்த குற்ற உணர்வில் பாட்டிலை முடிக்கிறவர்கள் உண்டு. இஞ்ஞாசியாரின் கணக்கில் ஒரு வீழ்ச்சிக்கு ஒரு புள்ளி மட்டும். காலையில் ஆறு புள்ளி, மதியத்துக்குப் பின் நான்கு என்றால், அது இரண்டு குறைந்த நாள். லண்டன் ஆய்வுக்காரர்கள் கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

இஞ்ஞாசியார் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி. 1524 முதல் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் உடனே அற்புதமான பக்தி எண்ணங்கள் வரும். செபத்தில்கூட இவ்வளவு வருவதில்லையே, படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். இது சோதனை என்று கண்டுகொண்டார். சாக்கு எப்போதும் கெட்ட முகத்தோடு வருவதில்லை. (பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாலையில் பாடற்குழுப் பயிற்சிக்கு வந்து நிற்பதும் சில சமயம் இந்த வகைதான். இதைச் சொன்னதற்குப் பாடற்குழு மன்னிக்கட்டும்.) அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எண்ணங்களோடு மல்லுக்கட்டவில்லை. தன் ஆசிரியர் அர்தேவோலை அருகிலிருந்த மரியன்னை ஆலயத்துக்கு அழைத்துப்போய், நடப்பதை அப்படியே சொன்னார். ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கிற வரை இந்த இரண்டு ஆண்டும் உங்கள் பாடத்தைத் தவறாமல் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு அந்தச் சோதனை வரவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இன்னொரு மனிதரின் காதில் அது விழுந்துவிட்டது. கழுத்தில் மாலை இல்லை. ஆனால் மாலை செய்கிற வேலையை அந்த வாக்கு செய்தது.

இதே பயிற்சியில் வளர்ந்துதான் நம் மண்ணுக்கு வந்தார் புனித அருளானந்தர். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, அரசவையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்த பிள்ளை. இயேசு சபையில் சேர்ந்து மதுரைப் பணித்தளத்துக்கு வந்தபின் பண்டாரசாமியாகக் காவி உடுத்தார். இறைச்சி, மது எல்லாவற்றையும் விட்டார். மக்கள் நடுவே துறவியாக வாழ வேண்டுமானால் அது கட்டாயம். நம் மக்களின் கண்தான் அவர் கழுத்து மாலை என்று சொல்லலாம். ஆனால் 1687-இல் சபை அலுவலாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது நடந்ததைப் பாருங்கள். பழைய நண்பர் இப்போது போர்த்துக்கல் அரசர். அரண்மனை விருந்து காத்திருக்கிறது. அங்கே கறி சாப்பிட்டால் கேட்க யாரும் இல்லை, தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அங்கேயும் அவர் மதுரையின் எளிய உணவை விடவில்லை. திரும்பி வந்து மறுபடி பழகிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் விட்டதைப் பிடிப்பதன் விலை அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். அரசர் அங்கேயே இருக்கும்படி வற்புறுத்தியும் 1690-இல் திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிற நாம், லிஸ்பன் சாப்பாட்டு மேசையில் அவர் இருந்த விதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மேசையில் யாருக்கும் தெரியாமல் நடந்ததற்குத் திருவிழா கிடையாது.

அருளானந்தர் எங்கே, நாங்கள் எங்கே என்பவர்களுக்கு ஒரு கூலித் தொழிலாளியைச் சொல்கிறேன். மாட் டால்பட், அயர்லாந்தின் டப்ளின் நகரம், பிறந்தது 1856. பன்னிரண்டு வயதில் மதுக் கிடங்கில் வேலைக்குப் போனார், அங்கேயே குடிக்கக் கற்றார். 28 வயது வரை சம்பளம் முழுவதும் குடிக்குத்தான். ஒருமுறை தெருவில் பிடில் வாசிக்கிற ஒருவரின் பிடிலையே எடுத்துப்போய் விற்றுக் குடித்திருக்கிறார்கள். 1884-இல் ஒரு சனிக்கிழமை, கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். தன்னிடம் குடித்த கூட்டாளிகள் யாராவது கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், குடிக்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கப் போகிறேன் என்றார்.

எத்தனை நாளைக்கு எடுத்தார்? ஆயுளுக்கு அல்ல. மூன்று மாதத்துக்கு. அது முடிந்ததும் மறுபடி நீட்டினார். பிறகுதான் ஆயுளுக்கு. தொடக்கத்தில் ஒருநாள் கால் தானாகவே கடைக்குள் போய்விட்டது. கூட்டம், பரிமாறுபவர் கவனிக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து சட்டைப் பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்தார். குடித்துக் கழிந்த மாலை நேரங்களில் தூரத்துக் கோயில்களைத் தேடி நடந்தார். விடிகாலையில் திருப்பலி, பிறகு மரக்கிடங்கில் வேலை. அந்தப் பிடில்காரரைப் பல வருடம் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பணத்தை அவருக்காகத் திருப்பலிக்குக் கொடுத்தார். 1925 ஜூன் 7, ஞாயிறு திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு துளி தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. இந்த மனிதரிடம் நான் பார்ப்பது காசில்லாத அந்தச் சட்டைப் பையைத்தான். ஆறு மணிக்குத் தான் பலவீனன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் காலை ஐந்து மணிக்கே முடிவு செய்துவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் நான் குற்றவாளி. பல வருடமாகத் தினமும் அதிகமாகக் குடிக்கிறவர், ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு இன்றே சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. இது மருத்துவரிடம் போக வேண்டிய நோய். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், 14446 என்ற இலவச எண்ணிலும் வழி சொல்வார்கள். உடம்பு தேறியபின் துணைக்கு ஆட்கள் வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன, பல இடங்களில் கோயில் வளாகங்களிலேயே. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்பது என்பதுதான் அவர்கள் பாடம். அவர்களுடைய பன்னிரண்டு படிகளைப் பார்த்துவிட்டு, இது எங்கள் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளைப் போலவே இருக்கிறதே என்று 1940-இல் அவர்களைத் தேடிப்போனவர் எட்வர்ட் டவுலிங் என்ற இயேசு சபைக் குரு.

மற்றவர்கள் இன்று இரவே தொடங்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். "செல்போனைக் குறைப்பேன்" என்பது கோடு போட உதவாது. "ஒன்பதரைக்கு மேல் போன் அடுப்பங்கரை அலமாரியில்" என்பது உதவும். "கோபப்பட மாட்டேன்" என்பது உதவாது. "பிள்ளையைப் பேர் சொல்லி மட்டும் கூப்பிடுவேன், நாய் பேய் என்று கூப்பிட மாட்டேன்" என்பது உதவும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே சட்டைப் பையைக் காலி செய்துவிடுங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

அப்படிச் சொல்லக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவில், "இன்றைக்கு எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேளுங்கள். போன தீபாவளியை இழுக்காதீர்கள். மூன்று என்றால் மூன்று, ஒன்பது என்றால் ஒன்பது. முகத்தைச் சுளித்தால் நாளை உங்களுக்குப் பொய்க்கணக்குதான் வரும். புள்ளியே இல்லாத நாளில் அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம், காபி கொடுங்கள், போதும்.

நோட்டு வாங்க வேண்டியதில்லை. தேதி கிழிக்கிற காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும், இரண்டு கோடு தாராளமாக இடம் கொள்ளும். பேனாவை ஒரு நூலில் கட்டிக் காலண்டர் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பேனா தேடுவதிலேயே விட்டுப்போகும்.